மன்னர் கையை விட்டுப் போன தங்கக் காசு

1954-ம் ஆண்டு. எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் ஒரு பெரிய ஏலம் நடந்தது. மன்னர் பாரூக் ஆசை ஆசையாகச் சேர்த்த பொருள்களெல்லாம் விற்பனைக்கு வந்தன. தங்க நாணயங்களும் பதக்கங்களும் மட்டும் சுமார் 8,500! பல நாட்டினர் வாங்க வந்தார்கள். ஆனால் மன்னர் அங்கே இல்லை. முடியை இழந்து, இத்தாலியில் குடியிருந்தார்.

பாரூக் 1920-ல் பிறந்தவர். தந்தை புவாத் 1936-ல் இறந்தார். 16 வயதுப் பாரூக் மன்னரானார். கடிகாரம், தபால் தலை, அரிய நாணயம் என்று எதைக் கண்டாலும் வாங்கினார். அமெரிக்கத் தங்கக் காசு என்றால் அவருக்குத் தனி மோகம்.

ஓர் எழுத்தின் விலை

காசு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் டென்வர் நகரில் அடித்ததில் 'டி' என்றும், சான் பிரான்சிஸ்கோவில் அடித்ததில் 'எஸ்' என்றும் சிறிய எழுத்து இருக்கும். அந்தக் காலத்துப் பிலடெல்பியா தங்கக் காசில் எழுத்தே இராது. ஆண்டும் எழுத்தும் மாறினால் விலையும் மாறும். அபூர்வமானதற்கு மதிப்பு அதிகம்.

அப்படி ஓர் அபூர்வக் காசுதான், 'இரட்டைக் கழுகு' என்ற 20 டாலர் காசு. எடை நாலு பவுனுக்குச் சற்று அதிகம். 1933-ல் பிலடெல்பியாவில் 4,45,500 காசுகள் அடித்தார்கள். அப்போது பொருளாதார மந்தம். மக்கள் தங்கத்தை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவிட்டார். புதுக் காசுகள் வெளியிடப்படவில்லை. 1937-ல் அவற்றை உருக்கினார்கள். இரண்டு மட்டும் காட்சிசாலைக்குப் போயின. வேறு சில எப்படியோ வெளியே போய்விட்டன.

அவற்றில் ஒன்றைப் பாரூக் 1944-ல் வாங்கினார். அதை எகிப்துக்குக் கொண்டுபோக அமெரிக்க அரசாங்கமே அனுமதிச் சீட்டும் கொடுத்தது! சில வாரங்களில் உண்மை தெரிந்தது. ஆனால் அது யுத்த காலம். மன்னரிடம் திருப்பிக் கேட்க அமெரிக்கா முன்வரவில்லை. மற்றவர்களிடம் அகப்பட்ட 9 காசுகளைப் பறிமுதல் செய்து உருக்கிவிட்டது.

கப்பலேறினார்

1952 ஜூலையில் எகிப்திய ராணுவம் புரட்சி செய்தது. 26-ந் தேதி பாரூக் முடி துறந்து, அலெக்சாந்திரியாவில் கப்பலேறினார். சேர்த்ததெல்லாம் அரண்மனையிலேயே தங்கிவிட்டது. 1954 ஏலத்தில் அந்தக் காசும் வந்தது. அமெரிக்கா கேட்டதால் அதை விற்காமல் எடுத்துவிட்டார்கள். பிறகு காசு மாயமாயிற்று!

பாரூக் 1965 மார்ச்சில், 45-வது வயதில், ரோம் நகரில் இறந்தார்.

1996-ல் நியூயார்க்கில் ஓர் 'இரட்டைக் கழுகு' பிடிபட்டது. அது பாரூக்கின் காசே என்றார்கள். வழக்கு நடந்து, 2001-ல் சமரசமாயிற்று. 2002-ல் அந்தக் காசு ஏலத்தில் சுமார் 75 லட்சத்து 90 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. 2021-ல் மீண்டும் ஏலம். விலை சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலர்!

அந்தக் காசை உருக்காமல் காத்தது எது? மன்னரின் படையல்ல, பெட்டகமல்ல. 1944-ல் கொடுத்த அந்த அனுமதிச் சீட்டுத்தான். முடி போயிற்று, அரண்மனை போயிற்று. ஒரு துண்டுக் காகிதம் நிலைத்தது.