நெருக்கீட்டின் இலக்கணம் கண்ட ஹான்ஸ் செலியே

வீட்டிலும் வேலைத்தளத்திலும் மருத்துவமனையிலும் இன்று ஓயாது கேட்கும் சொற்களுள் ஒன்று 'ஸ்ட்ரெஸ்'. தமிழில் நெருக்கீடு என வழங்கப்படுவது இதுவே. சுமை தாங்கும் உலோகத்தின் நிலையைக் குறிக்கப் பொறியியலாளர் கையாண்ட இச்சொல்லை மருத்துவ உலகில் நிலைநாட்டியவர் ஹான்ஸ் செலியே. தாம் வளர்ந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து, கனடாவின் மொன்றியல் நகரில் வாழ்ந்து மறைந்த அறிஞர் அவர்.

செலியே 1907 ஜனவரி 26 இல் வியன்னா நகரிற் பிறந்தார். தந்தையார் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஹங்கேரியர். தாயார் ஆஸ்திரிய நாட்டவர். டான்யூப் நதிக்கரையில் உள்ள கொமாரோம் என்னும் ஊரில் அவர் வளர்ந்தார். முதலாம் உலகப் போரில் பேரரசு சிதைந்தது. 1920 இன் உடன்படிக்கை நதியையே எல்லையாக்கியது. ஊரின் வடகரை செக்கோசிலோவாக்கியாவுக்கு உரியதாயிற்று. இருந்த இடத்தை விட்டு அசையாமலே வேறொரு நாட்டின் ஆட்சிக்குள் வந்தவர்களுள் இச்சிறுவனும் ஒருவன்.

பிராக் நகரில் மருத்துவம் பயின்ற காலத்தில் ஒரு காட்சி அவர் கவனத்தை ஈர்த்தது. பேராசிரியர் முன் கொண்டுவரப்பட்ட நோயாளர் பல்வேறு நோய்களால் வருந்தினர். எனினும் சோர்வு, பசியின்மை, உடல் மெலிவு, காய்ச்சல் ஆகியவை அவர்கள் பெரும்பாலோரிடமும் பொதுவாகக் காணப்பட்டன. நோய்களின் வேறுபாட்டையே கற்பித்த ஆசிரியர்கள் இப்பொதுமையைப் பொருட்படுத்தவில்லை. மாணவர் செலியேயின் மனத்திலோ அது வித்தாக விழுந்து கிடந்தது.

1931 இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்ற அவர், அடுத்த ஆண்டு மொன்றியலின் மக்கில் பல்கலைக் கழகத்தை அடைந்தார். அங்கே புதியதொரு பாலியல் ஓமோனைத் தேடிக் கால்நடைகளின் சூலகச் சாற்றை எலிகளுக்கு ஏற்றினார். எலிகளின் அதிரீனற் சுரப்பிகள் பருத்தன. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் புண்கள் தோன்றின. புதிய ஓமோன் கிட்டியதென அவர் மகிழ்ந்தார். ஆனால் பிற உறுப்புகளின் சாறும் அதே விளைவைத் தந்தது. போமலின் என்னும் நச்சுத் திரவமும் அதனையே தந்தது. கொண்டாடிய கண்டுபிடிப்பு கைநழுவியது.

பலர் அத்துடன் ஆய்வைக் கைவிட்டிருப்பர். செலியேயோ பிராக்கில் கண்ட நோயாளரை நினைவுகூர்ந்தார். கடுங்குளிர், மிகையான உழைப்பு, காயம், நஞ்சு என எது தாக்கினும் உடல் ஒரே வகையில் எதிர்கொள்கிறது என்னும் முடிவுக்கு வந்தார். ஒரு பக்கத்துக்கும் குறைவான அவரது குறிப்பு 1936 ஜூலை 4 இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. எச்சரிக்கை, எதிர்த்து நிற்றல், சோர்ந்து வீழ்தல் என மூன்று படிகளை அவர் வகுத்தார். மூத்தோர் சிலர் இம்முயற்சியை வீணென்று கருதிய வேளையில், இன்சுலின் புகழ் பான்ரிங் சிறு நிதியுதவி பெற்றுத் தந்தார்.

1945 முதல் மொன்றியல் பல்கலைக் கழகத்தில் தனி ஆய்வு நிலையம் ஒன்றை அவர் நடத்தினார். பாரிஸ் நகரில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட ரொஜே கில்லமின் என்னும் பிரெஞ்சு இளைஞர், அங்கு வந்து மாணவரானார். உடலை எச்சரிக்கும் முதற் கட்டளை எங்கிருந்து புறப்படுகிறது என்பதே அன்று விடை காணாத வினா. கபச்சுரப்பியைத் தூண்டும் பொருள் மூளையில் இருப்பதை 1955 இல் கில்லமினும், மக்கிலில் ஆய்வு செய்த அன்ட்ரூ ஷாலியும் தனித்தனியே காட்டினர். மூளை சுரக்கும் வேறு பெப்ரைட்டுகளைக் கண்டறிந்தமைக்காக இருவரும் 1977 இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் முதலில் தேடிய பொருளின் அமைப்பை 1981 இல் வெளிப்படுத்தியவர் கில்லமினின் மாணவரான வைலி வேல் ஆவார்.

அப்பொருள் 41 அமினோ அமிலங்களால் ஆன சிறு பெப்ரைட்டு. ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் அதனைச் சுரக்கிறது. நுண்ணிய குருதிக் குழாய்கள் வழியே அது கபச்சுரப்பியை அடைய, அங்கிருந்து ஏ.சீ.ரீ.எச். என்னும் ஓமோன் குருதியிற் கலக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்த அதிரீனற் சுரப்பிகள் அதன் ஏவலால் கோட்டிசோலைச் சுரக்கின்றன. கோட்டிசோல் குருதியிற் குளுக்கோசைப் பெருக்கி, நோயெதிர்ப்பு வேலையைத் தணித்து, உடலைப் போராட்டத்துக்கு ஆயத்தமாக்குகிறது. பின்னர் மூளைக்கே திரும்பித் தன்னைத் தூண்டிய சுரப்பை அடக்குகிறது. அச்சம் நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிப்பின் இக்கடிவாளம் தளர்ந்துபோகக்கூடும். காக்க வந்த ஓமோனே கேடு செய்யத் தலைப்படும். அன்று எலிகளின் தைமஸ் சுருங்கியதன் காரணமும் இவ்வகை ஓமோன்களே.

செலியேயின் கூற்றுகள் யாவும் நிலைத்தன அல்ல. எல்லாத் தாக்கங்களுக்கும் உடல் ஒரே மறுமொழி தருகிறது என்பதைப் பின்வந்தோர் திருத்தினர். இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒருவகைப் பக்ரீரியாவும் சில வலி நிவாரணிகளுமே காரணம் என்பது இன்று தெளிவு. அவர் புகைப்பொருள் நிறுவனங்களிடம் நிதி பெற்றதும், புகைத்தல் நெருக்கீட்டைத் தணிக்கும் என வாதாடியதும் அவர் புகழில் படிந்த கறை. அவர் மறைந்த பின்னரே இதன் முழு விபரமும் ஆவணங்கள் வாயிலாக வெளிவந்தது. மாந்தரின் உடல்நலத்துக்கு உழைத்தவர் அதற்கு ஊறு செய்யும் வணிகத்துக்குத் துணைநின்றதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் தகாது.

1956 இல் ஹங்கேரியில் மூண்ட கிளர்ச்சியின்போது துப்பாக்கிச் சூட்டுக்கு அவர் தாயார் பலியானார். நெருக்கீடு பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். பலமுறை முன்மொழியப்பட்டும் நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1982 ஒக்டோபர் 16 இல் அவர் மொன்றியலிற் காலமானார். தாம் தேடிய முதற் கட்டளையின் வடிவம் தம் மாணவரின் மாணவரால் அறியப்பட்டதற்கு மறு ஆண்டு அது. இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள அவரது பழைய ஊரில், ஹங்கேரிய மொழியிற் கற்பிக்கும் பல்கலைக் கழகம் ஒன்று 2004 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.