தமிழ்த் தாத்தாவும் ஒரு ரிவ்யூவர்தான்

போன செமஸ்டர்ல ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுக்கு வந்த புல் ரெக்வெஸ்ட்டை ரிவ்யூ பண்ணேன். கேஷ் லாஜிக்ல நாலே வரி மாற்றம். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஓகே சொல்லிட்டேன். டேட்டாபேஸ்ல மதிப்பு மாறின பிறகும் கேஷ் பழையதையே கொடுத்துக்கிட்டிருந்தது ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. மூணு சர்வரும் ஒரே பதிலைச் சொன்னதால யாருக்கும் சந்தேகமே வரல. அப்போ ஞாபகத்துக்கு வந்தவர் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், உ.வே.சாமிநாதையர்.

1855-ல் பிறந்தவர். சொந்த ஊர் கும்பகோணம் பக்கத்துல உத்தமதானபுரம். 1871-லிருந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே வருஷம் அந்த ஊர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தான் படித்த நூல்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டுவிட்டார். இவர் படித்ததில்லை. இருபத்தைந்து வயசுல, வேலையில சேர்ந்த புதுசுல, இப்படி ஒரு கேள்வி வந்தா நமக்கு எப்படி இருக்கும்? அவர் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து படிக்க உட்கார்ந்தார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஓலை சில நூறு வருஷத்துக்கு மேல தாங்காது. அதனால் பார்த்துப் பார்த்துப் புது ஓலையில் எழுதுவார்கள். ஆசிரியர் எழுதிய மூல ஏடு எங்கேயும் இல்லை. இருந்ததெல்லாம் பிரதியின் பிரதி. நம்ம பாஷையில சொன்னா, டேட்டாபேஸ் போயிடுச்சு, கேஷ் மட்டும்தான் மிச்சம். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. போதாக்குறைக்கு, நச்சினார்க்கினியர் உரை பிரதிக்குப் பிரதி மாறியது. அவர் முதலில் ஒரு உரை எழுதி, சமணர்கள் ஏற்காததால் அவர்கள் நூல்களைப் படித்துவிட்டுத் திருத்தி எழுதினார் என்று ஒரு கதை உண்டு. அதாவது ரெண்டு வெர்ஷனும் ஊரெல்லாம் சுத்திக்கிட்டிருந்தது.

சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராகப் போனார். கிடைத்த பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டார். புரியாத இடத்தைக் கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது.

அடுத்து 1889-ல் பத்துப்பாட்டு. அதிலுள்ள குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகப் பூக்களின் பெயர்கள் வரும். கிடைத்த ஏடுகளில் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. ஒரு தப்பான ஏட்டைப் பார்த்து எழுதினால் எல்லாப் பிரதியிலும் அதே ஓட்டைதானே இருக்கும்? தன் கற்பனையால் அதை நிரப்ப அவர் ஒப்பவில்லை. மாயவரம் பக்கத்துல தருமபுரம் மடத்தில் குவிந்து கிடந்த உதிரி ஏடுகளைப் புரட்டினார். விடுபட்ட பூக்கள் அங்கே கிடைத்தன. ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் இருந்த காலம் அது. அந்த ஒரு ஓலை ஆத்தோட போயிருந்தா அந்தப் பூக்களும் போயிருக்கும்.

சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று வேலை தொடர்ந்தது. பிரதிகளுக்குள் இருந்த வித்தியாசங்களை மறைக்காமல் பாடபேதமாகக் குறித்து வைத்தார். தன் பதிப்பையும் விடவில்லை. புது ஏடும் புது விளக்கமும் கிடைத்ததும் 1907-ல் சிந்தாமணியைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். முதல் பதிப்புக்கே அவ்வளவு பேர் கிடைத்தும், இருபது வருஷம் கழித்து அதே நூலை மறுபடி ரிவ்யூ பண்ணியிருக்கிறார்.

1942 ஏப்ரலில், தன் 87-ஆவது வயதில் மறைந்தார். அவர் சேர்த்த ஏடுகளைச் சென்னை பெசன்ட் நகரில் உள்ள அவர் பெயரிலான நூலகத்தில் இன்னைக்கும் பார்க்கலாம்.

இப்போ எனக்கு ரிவ்யூ வந்தா, எத்தனை சர்வர் ஒரே பதிலைச் சொல்லுதுன்னு பார்க்கறதில்லை. அதெல்லாம் எந்த ஏட்டைப் பார்த்து எழுதினதுன்னுதான் முதல்ல தேடறேன்.