ஹாட்டி மெக்டேனியல் அம்மையார்

கலையைப் போற்றாத நாடு இல்லை. ஆயினும், கலையைப் போற்றும் மக்கள் கலைஞரையும் என்றும் ஒப்பப் போற்றினர் என்று கூற இயலாது. மேடையில் பாடக் கேட்டுக் கைகொட்டி மகிழ்ந்தவர்களே, பாடியவர் மேடையை விட்டு இறங்கியபின் அவரோடு ஒரே பந்தியில் அமர மறுத்த கொடுமையும் உலகில் நிகழ்ந்ததுண்டு. அமெரிக்க நாட்டில் அத்தகைய கொடுமைக்கு ஆளாகியும் மனந்தளராது உழைத்து, அந்நாட்டுத் திரைப்படத் துறையின் உயர்ந்த பரிசாகிய ஆஸ்கார் பரிசினைப் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல் அம்மையார் ஆவார்.

ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க மண்ணில் அடிமைகளாக வாழ்ந்தனர். 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரின் முடிவில் அடிமை முறை ஒழிந்தது. ஹாட்டியின் தந்தையாராகிய ஹென்றி மெக்டேனியல் அடிமையாய்ப் பிறந்தவர். அப்போரில் வடபுலத்தார் படையிற் சேர்ந்து போரிட்டுப் புண்பட்டவர். தாயார் சூசன் இறைவன் புகழ் பாடும் இசையில் வல்லவர். இவ்விருவருக்கும் பிறந்த பதின்மூன்று மக்களுள் கடைக்குட்டியாகக் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் ஹாட்டி தோன்றினார். தந்தையாரால் போர்ப்புண்ணின் காரணமாகக் கடும் உழைப்பில் ஈடுபட இயலவில்லை. படைவீரர்க்குரிய உதவித்தொகையைப் பெறவும் அவர் நெடுங்காலம் போராட நேர்ந்தது. அதனால் வறுமை அக்குடும்பத்தை விட்டு அகலவில்லை. பிழைப்பை நாடிக் குடும்பத்தார் கொலராடோ மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து, டென்வர் நகரில் வாழலாயினர்.

ஹாட்டிக்கு இளமையிலேயே பாட்டிலும் நடிப்பிலும் பேரார்வம் இருந்தது. பள்ளியில் பயிலும்பொழுது, 1910ஆம் ஆண்டில், மதுவிலக்குக்காகப் பாடுபட்ட மாதர் சங்கத்தார் நடத்திய ஒப்புவித்தற் போட்டியில் அவர் பொற்பதக்கம் பெற்றார். அதன்பின் படிப்பை விடுத்துத் தமையன்மாரோடு சேர்ந்து ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் பொருளீட்டினார். தாமே பாட்டெழுதிப் பாடும் திறமும் அவருக்கு வாய்த்திருந்தது. வானொலி புதிதாகப் பரவிய நாளில், அமெரிக்க வானொலியிற் பாடிய முதற் கறுப்பினப் பெண்டிருள் அவரும் ஒருவரானார்.

1929ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. நாடகக் குழுக்கள் கலைந்தன. வேலை தேடி அலைந்த ஹாட்டி, மில்வாக்கி நகரத்தில் ஓர் இரவு விடுதிக்குச் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்தது பாடகி வேலையன்று. மகளிர் கழிவறையில் நின்று வருவோர்க்குத் துவாலை எடுத்துக்கொடுக்கும் வேலையே. அவர் அதனை இழிவென எண்ணவில்லை. வேலைக்கிடையே அவர் பாடுவதைக் கேட்டோர், அவரை மேடையேற்றுமாறு வேண்டினர். ஓர் இரவு அவர் மேடையேறிப் பாடினார். அன்று முதல் அவர் அவ்விடுதியின் பாடகியானார்.

1931ஆம் ஆண்டில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தார். வானொலியில் நடித்தார், ஆனால், அதில் வந்த ஊதியம் உணவுக்கும் போதவில்லை. ஆகவே, பிறர் வீடுகளில் வேலைக்காரியாக உழைத்துக்கொண்டே படங்களில் சிறு வேடங்களில் தோன்றினார். அக்காலத்தில் கறுப்பினப் பெண்களுக்குத் திரையில் அளிக்கப்பட்ட வேடம் பெரும்பாலும் பணிப்பெண் வேடமே. பல படங்களில் நடித்தவர் பெயர்களுள் ஹாட்டியின் பெயர் காட்டப்படவும் இல்லை. எனினும், கிடைத்த சிறு வேடத்திற்கும் அவர் உயிரூட்டினார். அவர் நடித்த பணிப்பெண்கள் கைகட்டி வாய்பொத்தி நின்றவர்கள் அல்லர். எசமானரின் குற்றத்தை முகத்துக்கு நேரே எடுத்துரைக்கும் துணிவு உடையவர்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்ட 'கான் வித் த விண்ட்' என்னும் படம் 1939ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஒரு பெருஞ்செல்வர் வீட்டில் பிள்ளைகளை வளர்க்கும் அடிமைப் பெண்ணாக ஹாட்டி நடித்தார். அவ்வீட்டுக் குழந்தையொன்று குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்துவிடுகிறது. பெற்றோர் படும் துயரத்தை, மாடிப்படிகளில் ஏறியவாறே அவள் மற்றொரு பெண்ணுக்குக் கண்ணீரோடு கூறும் காட்சி, கண்டோர் உள்ளத்தை உருக்கியது. அடிமையாய்ப் பிறந்தவரின் மகள், அடிமைப் பெண்ணின் உள்ளத்திலும் அன்பும் அறிவும் மானமும் உண்டு என்பதைத் திரையில் நிலைநாட்டினார்.

அப்படத்தின் முதற் காட்சி அட்லாண்டா நகரில் பெருவிழாவாக நடைபெற்றது. ஆனால், இனப் பாகுபாடு நிலவிய அம்மாநிலத்தில் நடந்த அவ்விழாவிற்குக் கறுப்பின நடிகர்கள் செல்ல இடமில்லை. படத்தில் சிறப்புற நடித்த ஹாட்டியும் ஒதுக்கப்பட்டார்.

1940ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் ஆஸ்கார் பரிசளிப்பு விழா லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து விடுதி ஒன்றில் நடைபெற்றது. கறுப்பினத்தாரை விருந்தினராக ஏற்காதது அவ்விடுதி. படத் தயாரிப்பாளர் தனியே வேண்டிக்கொண்டதன் பேரிலேயே ஹாட்டி உள்ளே வர இசைவு கிடைத்தது. உடன் நடித்தவர்கள் முன்வரிசையில் ஒன்றாக அமர்ந்திருக்க, ஹாட்டிக்குச் சுவரோரத்தில் ஒரு சிறு மேசை தனியாக இடப்பட்டிருந்தது. கார்டினியா என்னும் நறுமணமிக்க வெள்ளைப் பூக்களைக் கூந்தலில் சூடி அவர் அங்கு அமர்ந்திருந்தார். சிறந்த துணை நடிகைக்குரிய பரிசு அவருக்கே என்று அறிவித்தபொழுது மண்டபம் முழுவதும் கையொலி எழுந்தது. சுவரோரத்திலிருந்து நடந்து சென்று, மேடையேறி, கண் கலங்கப் பரிசைப் பெற்றுக்கொண்டு, மீண்டும் அச்சுவரோரத்திற்கே அவர் திரும்பினார்.

பரிசு பெற்றபின்னும் அவரை நாடி வந்தவை பணிப்பெண் வேடங்களே. இதுபோன்ற வேடங்கள் தம் இனத்தை இழிவுபடுத்துகின்றன என்று கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத் தலைவர்கள் அவரைக் குறை கூறினர். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருந்தது. வேறு வேடம் கிடைக்காத நிலையில், நேர்மையாக உழைத்து உண்பது இழிவன்று என்று கருதிய ஹாட்டியின் நிலையிலும் நியாயம் இருந்தது. தம் இனத்தாரே பழித்தது அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. ஆயினும் இயன்ற இடங்களில் அவர் உறுதி காட்டினார். 1947ஆம் ஆண்டில் 'பியூலா' என்னும் வானொலித் தொடரின் தலைமை வேடத்தை ஏற்றபொழுது, கறுப்பினத்தாரை எள்ளி நகையாடுவதற்கென்று வழங்கிய கொச்சைப் பேச்சைத் தாம் பேசுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்.

உரிமைக்காக அவர் ஆற்றிய மற்றொரு தொண்டும் நினைக்கத் தக்கது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் வீடு வாங்கிய பகுதியில், வெள்ளையரல்லாதார்க்கு வீடு விற்கலாகாது என்னும் பழைய உடன்படிக்கை ஒன்று இருந்தது. அதனைக் காட்டி வெள்ளையர் சிலர் அவரையும் பிறரையும் வெளியேற்றுமாறு வழக்குத் தொடுத்தனர். ஹாட்டி அஞ்சி ஓடவில்லை. அண்டை அயலாரைத் தம் இல்லத்திற் கூட்டி, ஒன்றாக நின்று வழக்காடச் செய்தார். 1945ஆம் ஆண்டில் அவர்கள் பக்கமே தீர்ப்பாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, இவ்வகை உடன்படிக்கைகளை எந்த நீதிமன்றமும் செயற்படுத்தலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. திரையில் பிறர் வீட்டுப் பணிப்பெண்ணாக நின்றவர், தம் இனத்தார் சொந்த வீட்டில் தலைநிமிர்ந்து வாழும் உரிமைக்கு வழிகாட்டினார்.

1951ஆம் ஆண்டில் 'பியூலா' தொடரின் தொலைக்காட்சி வடிவத்திலும் அவர் நடிக்கத் தொடங்கினார். சில பகுதிகள் முடிவதற்குள் நோய்வாய்ப்பட்டார். மார்பகப் புற்றுநோய் அவரை வாட்டியது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். வெள்ளைக் கார்டினியாப் பூக்களைத் தம் கூந்தலிலும் கைகளிலும் வைத்து, திரையுலகப் பெருமக்கள் துயிலும் ஹாலிவுட் இடுகாட்டில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். இறுதி வணக்கம் செலுத்தப் பெருந்திரளான மக்கள் கூடினர். ஆனால், கறுப்பினத்தவர் என்னும் காரணத்தால் அவ்விடுகாட்டில் அவருக்கு ஆறடி மண்ணும் மறுக்கப்பட்டது. ரோஸ்டேல் என்னும் வேறோர் இடுகாட்டிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. வாஷிங்டன் நகரிலுள்ள ஹவர்டு பல்கலைக்கழகத்திற்கு அவர் விரும்பி அளித்த ஆஸ்கார் பரிசும் பிற்காலத்தில் காணாமற்போயிற்று.

எனினும், அவர் தட்டிய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவருக்குப்பின் ஆஸ்கார் பரிசு பெறும் அடுத்த கறுப்பின நடிகை தோன்ற 1991ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. 1999ஆம் ஆண்டில், முன்பு இடம் மறுத்த ஹாலிவுட் இடுகாட்டிலேயே அவருக்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவர் உருவந்தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் துணை நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசை வென்ற மோனிக் என்னும் கறுப்பின நடிகை, ஹாட்டியை நினைந்து கூந்தலில் கார்டினியா மலர் சூடி விழாவிற்கு வந்தார். 2023ஆம் ஆண்டில், தொலைந்த பரிசுக்கு ஈடாகப் புதியதொரு பரிசு ஹவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ப்பிக்கப்பட்டது.

சுவரோரத்து மேசையில் தனித்து அமர்த்தப்பட்டதால் ஹாட்டி அம்மையாரின் பெருமை குறையவில்லை. அமர்த்தியவர்களின் சிறுமையே வெளிப்பட்டது. ஒருவருக்கு வாய்க்கும் இடம் சிறிதாக இருக்கலாம். அவ்விடத்தில் அவர் எவ்வாறு நின்றார் என்பதே அவரது உயர்வைக் காட்டும். ஹாட்டி மெக்டேனியல் அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.