என்றி பிராக்கோனோ

என்றி பிராக்கோனோ (மே 29, 1780 – சனவரி 13, 1855) ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் ஆவார். கொமெர்சியில் பிறந்த இவர், நான்சி நகரத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பணியாற்றினார்.

1811 இல் காளான்களை நீர்த்த காரத்தில் கொதிக்கவைத்து, கரையாது எஞ்சிய பொருளுக்கு ஃபங்கின் எனப் பெயரிட்டார். 1823 இல் ஒதியே என்பவர் அதே பொருளைப் பூச்சிகளில் கண்டு இட்ட கைட்டின் என்ற பெயரே நிலைத்தது. எனினும் முதலில் கண்டவர் பிராக்கோனோவே.

இறால், நண்டு ஓடுகளிலும் கைட்டின் உண்டு. கடலுணவு ஆலைகள் கழிக்கும் இவ்வோடுகளைக் காற்றில்லாமல் சூடாக்கி, அமிலத்தால் சுண்ணாம்பை நீக்கினால் நுண்துளைக் கரி கிடைக்கும். கைட்டினின் நைட்ரசனில் ஒரு பகுதி கரியிலேயே தங்குவதால், மின்னேற்றத்தைச் சேமிக்கும் மீமின்தேக்கிகளின் மின்வாய்க்கு அது ஏற்றதாகிறது.

பிராக்கோனோவும் கழிவை ஆராய்ந்தவரே. 1819 இல் கந்தல் துணியைக் கந்தக அமிலத்தால் சிதைத்து, துணியின் எடையை விட மிகுதியான சர்க்கரையைப் பெற்றார்.