முயல் காட்டிய உண்மை

நுழையும்முன்

பிறந்தநாள்தொட்டு ஓய்வறியாமல் உழைக்கும் உறுப்பு இதயம். அதற்குக் குருதியைக் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால் மாரடைப்பு நேரிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோயை முதுமையின் தவிர்க்க முடியாத விளைவாகவே மருத்துவ உலகம் கருதியது. அக்கருத்து மாற வழிகோலியவர் ரஷ்ய நோயியல் அறிஞர் நிக்கோலாய் அனிச்கோவ். அவர் கண்ட உண்மையை உலகம் ஏற்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

பிறப்பும் கல்வியும்

நிக்கோலாய் அனிச்கோவ் 1885ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அந்நகரிலுள்ள இராணுவ மருத்துவக் கல்விக்கழகத்தில் பயின்று 1909இல் பட்டம் பெற்றார். நோயுற்றவரின் படுக்கையருகே நிற்பதைவிட, நோய் எவ்வாறு தோன்றுகிறது என்று நுண்ணோக்கியின் வழியே ஆராய்வதிலேயே அவர் மனம் ஈடுபட்டது.

இதயத் தசையில் ஏற்படும் அழற்சியை ஆராய்ந்து 1912இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வில் அவர் விளக்கிய ஒருவகைச் செல்களின் உட்கரு, நுண்ணோக்கியில் கம்பளிப்பூச்சி போலத் தோன்றும். அச்செல்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. இருபத்தேழு வயதிற்குள் இச்சிறப்பை எய்திய அவருக்கு, இதனினும் பெரிய பணி காத்திருந்தது.

புரதமா, கொழுப்பா?

அக்காலத்தில் அதே நகரில் இக்னத்தோவ்ஸ்கி என்னும் மருத்துவர், முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றைக் கொடுத்து ஆராய்ந்தார். 1908இல் அவர் வெளியிட்ட முடிவுகள் வியப்பளித்தன. புல் தின்று வாழும் முயல்களின் பெருந்தமனியில், மனிதரின் தமனிகளில் காணப்படுவன போன்ற தடிப்புகள் தோன்றியிருந்தன. விலங்குணவிலுள்ள புரதமே இதற்குக் காரணம் என அவர் கருதினார்.

பின்வந்த ஆய்வாளர்கள் உணவுகளைத் தனித்தனியே பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது, முட்டையின் மஞ்சள் கருவே நோயை உண்டாக்குவதாகத் தெரிந்தது. ஆயினும் மஞ்சள் கருவில் பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் குற்றவாளி எது? இவ்வினாவுக்கு விடைதேட முற்பட்டவர்கள் அனிச்கோவும் அவருடன் பணியாற்றிய இளம் ஆய்வாளர் செம்யோன் கலாத்தோவும் ஆவர்.

மஞ்சள் கருவில் மிகுதியாக உள்ள கொலஸ்ட்ராலின்மீது அவர்கள் ஐயம் கொண்டனர். தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து ஒரு பிரிவு முயல்களுக்கு ஊட்டினர். மற்றொரு பிரிவுக்கு வெறும் எண்ணெயை மட்டுமே ஊட்டினர். முதற்பிரிவு முயல்களின் தமனிகளில் கொழுப்புப் படிவுகள் தோன்றின. எண்ணெயை மட்டும் உண்டவற்றின் தமனிகள் மாசின்றி இருந்தன. 1913இல் ஜெர்மானிய ஆய்விதழில் இம்முடிவு வெளியாயிற்று. ஒரே ஒரு பொருளைத் தவிர மற்றனைத்தையும் சமமாக வைத்து ஒப்பிட்ட அந்த எளிய முறையே ஆய்வின் வலிமையாக அமைந்தது.

படிவு வளரும் வரலாறு

காரணத்தைக் கண்டதோடு அனிச்கோவ் அமையவில்லை. நோய் வளரும் முறையையும் படிப்படியாக ஆராய்ந்தார். குருதியில் மிகுந்த கொலஸ்ட்ரால் தமனியின் உட்படலத்தினுள் ஊடுருவுகிறது. அதனை விழுங்கும் செல்கள் கொழுப்புத் துளிகளால் நிறைந்து நுரைபோல் காட்சியளிக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து நாரிழைகள் வளர்ந்து, நாளடைவில் தடித்த திட்டாகின்றன. பெருந்தமனியின் வளைவிலும் கிளை பிரியும் இடங்களிலும் இத்திட்டுகள் மிகுதியாகத் தோன்றுவதையும் அவர் கண்டார். கொலஸ்ட்ரால் ஊட்டுவதை நிறுத்தினால் படிந்த கொழுப்பு மெல்லக் குறைவதையும் கண்டறிந்தார். முதுமையைத் திருப்ப இயலாது. ஆனால் இப்படிவைக் குறைக்க இயலும் என்பது இதனால் விளங்கியது.

கொலஸ்ட்ரால் ஒன்றே அனைத்துக்கும் காரணம் என்று அவர் கூறவில்லை. அஃது இன்றியமையாத காரணம். உயர் குருதியழுத்தம் முதலியன அதனோடு சேரும்போது நோய் வலுப்பெறுகிறது என்பதே அவருடைய கொள்கை. தாம் கண்டதற்கு மிகுதியாக ஒரு சொல்லும் கூறாத நிதானம் அவருடைய எழுத்துகளில் காணப்படுகிறது.

மறுப்பும் மௌனமும்

இத்தகைய தெளிவான சான்று ஏன் ஏற்கப்படவில்லை? பிற நாட்டு ஆய்வாளர்கள் எலிகளுக்கும் நாய்களுக்கும் கொலஸ்ட்ராலைக் கொடுத்துப் பார்த்தனர். அவற்றின் தமனிகளில் எம்மாற்றமும் ஏற்படவில்லை. முயல் இயல்பிலேயே தாவர உண்ணி. அதற்கு ஒவ்வாத உணவைத் திணித்ததால் விளைந்த கேடு மனிதருக்குப் பொருந்தாது என்று பலர் ஒதுக்கினர்.

எலிக்கு ஏன் நோய் வரவில்லை என்று கேட்டவர் மிகச் சிலரே. எலியும் நாயும் மிகையான கொலஸ்ட்ராலைப் பித்த அமிலங்களாக விரைந்து மாற்றி வெளியேற்றுகின்றன. எனவே எவ்வளவு உண்டாலும் அவற்றின் குருதியில் அதன் அளவு பெரிதாக உயர்வதில்லை. முயலுக்கு அத்திறன் குறைவு. நோயை உறுதிசெய்வது வாயில் இட்ட அளவன்று. குருதியில் தங்கிய அளவே. அனிச்கோவின் கருத்தை இவ்விலங்குகள் மறுக்கவில்லை. உண்மையில் அதற்கு அரணாகவே நின்றன.

பணியும் பொறுப்பும்

முதல் உலகப்போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய அனிச்கோவ், 1920 முதல் தாம் பயின்ற கல்விக்கழகத்திலேயே துறைத் தலைவராக விளங்கினார். பேரரசு வீழ்ந்தது, நகரின் பெயர் பெட்ரோகிராட் என்றும் பின்னர் லெனின்கிராட் என்றும் மாறியது, அவருடைய ஆய்வு மட்டும் தொடர்ந்தது. 1946 முதல் 1953 வரை சோவியத் மருத்துவ அறிவியல் கழகத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் லெனின்கிராடில் மறைந்தார்.

காலம் வழங்கிய தீர்ப்பு

1950இல் அமெரிக்க அறிவியலாளர் ஜான் காஃப்மன், அதிவேகச் சுழற்சிக் கருவியால் குருதியிலுள்ள கொழுப்புப் புரதங்களைப் பிரித்தறிந்தார். கொலஸ்ட்ரால் ஊட்டிய முயல்களில் பெருகிய அதே வகைத் துகள்கள், மாரடைப்புக்கு ஆளான மனிதர்களிடமும் மிகுந்திருந்தன. 1948இல் ஃபிராமிங்காம் என்னும் அமெரிக்க ஊரில் 5,209 பேரிடம் தொடங்கப்பட்ட நெடுங்கால ஆய்வும் கொலஸ்ட்ரால், குருதியழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றை இதயநோயின் இடர்க்காரணிகளாகக் காட்டியது.

நோயின் மற்றொரு வேர் பரம்பரையில் இருந்தது. நார்வே மருத்துவர் கார்ல் முல்லர், சில குடும்பங்களில் மிகை கொலஸ்ட்ராலும் இதயநோயும் தலைமுறைதோறும் தொடர்வதை 1930களின் இறுதியில் விளக்கியிருந்தார். அதன் காரணத்தை 1970களில் கண்டவர்கள் அமெரிக்க அறிஞர்களான மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் ஆவர். குருதியிலுள்ள கொலஸ்ட்ராலைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. அவற்றை உருவாக்கும் மரபணு பழுதுபட்டால் கொலஸ்ட்ரால் குருதியிலேயே தேங்குகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். இக்கண்டுபிடிப்பிற்காக அவ்விருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதற்கிடையே ஜப்பானின் கோபே நகரில் வதனபே என்னும் ஆய்வாளர், எளிய தீவனம் உண்டும் குருதியில் கொலஸ்ட்ரால் மிகுந்திருந்த முயலொன்றைக் கண்டு, அதன் வழித்தோன்றல்களைப் பெருக்கினார். அவற்றிலும் அதே ஏற்பியே பழுதுபட்டிருந்தது. முயல் மனிதருக்குப் பொருந்தாது என்ற பழைய மறுப்பு அத்துடன் வலுவிழந்தது.

தெரிந்து தெளிவோம்

கொலஸ்ட்ரால் உடலுக்குப் பகையன்று. செல்களின் சவ்வுக்கும் பித்த அமிலங்களுக்கும் சில ஹார்மோன்களுக்கும் அது தேவை. உடலே அதனை உருவாக்கிக் கொள்கிறது. அது உடலில் உருவாகும் முறையை ஆராய்ந்த கான்ராட் பிளாக், ஃபியோதர் லினன் ஆகியோர் 1964இல் நோபல் பரிசு பெற்றனர். அனிச்கோவ் மறைந்ததும் அதே ஆண்டிலேயே.

நிறைவாக

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருள், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளுக்கு வழி திறந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நிகழ்ந்த ஆய்வு, அம்மருந்து வகை உயிரிழப்பைக் குறைப்பதை 1994இல் மெய்ப்பித்தது. உணவில் ஒழுங்கு, புகையிலை தவிர்த்தல், உடற்பயிற்சி, குடும்பத்தில் இதயநோய் இருப்பின் இளமையிலேயே குருதிப் பரிசோதனை என இன்று மருத்துவர் கூறும் அறிவுரைகள் அனைத்தும், இந்நோய் விதியன்று என்ற தெளிவிலிருந்து பிறந்தவை. அத்தெளிவின் தொடக்கம் சில முயல்களும், சிறிது எண்ணெயும், சரியான இடத்தில் கேட்கப்பட்ட ஒரு வினாவுமே ஆகும்.