தோட்டத்துக் காய்ச்சலை அடக்கிய டாக்டர் வாட்சன்

ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தபோது, மலேரியா ஊரையே வாட்டிக்கொண்டிருந்தது. சதுப்பு நீரை வடியவிட்டார்; காட்டை வெட்டச் செய்தார். காய்ச்சல் தணிந்தது.

ஆனால், மேட்டுநில ரப்பர் தோட்டங்களில் அது பலிக்கவில்லை. காட்டை அழித்ததும், வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறு வகைக் கொசு பெருகியது. தமிழ்த் தொழிலாளர்கள் பலர் மாண்டனர். கொசுவின் இனமறிந்தே அதை ஒழிக்க வேண்டும் என உணர்ந்த வாட்சன், ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய்களில் செலுத்தினார். பின்னர் எண்ணெய் தெளிக்கும் முறையைப் பரப்பினார்.

1924-இல் சர் பட்டம் பெற்ற அவர், 1955-இல் மறைந்தார். பேராக் தோட்டங்களிலும் இம்முறை பரவியது. வடிகால் வெட்டியவர்களும் எண்ணெய் தெளித்தவர்களும் நம் பாட்டன்மார்களே. அவர்களையும் நினைப்போம்.