வாஷிங்டனின் பற்கள்

ஜார்ஜ் வாஷிங்டன் என்றதும் நம் நினைவுக்கு வருவது செர்ரி மரக் கதைதான். சிறு வயதில் தந்தையின் செர்ரி மரத்தைக் கோடரியால் வெட்டிவிட்டு, பொய் சொல்லாமல் அதை ஒப்புக்கொண்டாராம். நன்னெறி வகுப்பில் நாம் எல்லோரும் படித்த கதை இது. ஆனால் மேசன் வீம்ஸ் என்னும் போதகர் தாம் எழுதிய வாஷிங்டன் வரலாற்றில் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் தாமாகச் சேர்த்துக்கொண்ட கற்பனை அது என்று அறிஞர்கள் கூறுகின்றனர். பொய் சொல்லாத சிறுவனைப் பற்றி ஒரு பொய்! அவரைப் பற்றிய மற்றொரு கதை, அவர் மரத்தாலான பற்களைக் கட்டியிருந்தார் என்பது. அதுவும் உண்மையன்று. உண்மையில் அவர் வாயில் இருந்தவை எவை என்று அறிந்தால் வியப்பு ஒரு பக்கம், வருத்தம் ஒரு பக்கம்.

வாஷிங்டன் 1732ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் வர்ஜீனியாவில் பிறந்தார். பதினோரு வயதில் தந்தையை இழந்தார். பதினேழு வயதிற்குள் நில அளவையாளராகிக் காடு மேடெல்லாம் சுற்றினார். 1755இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் இரண்டு குதிரைகள் அவருக்குக் கீழே சுடப்பட்டு விழுந்தன. மேலங்கியில் நான்கு குண்டுகள் துளைத்தன. அவர் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆறடிக்கு மேல் உயரம், இரும்பு போன்ற உடல். ஆனால் பல் விஷயத்தில் மட்டும் அவருக்கு அதிர்ஷ்டமே இல்லை.

அடுத்த ஆண்டு, தமது 24ஆம் வயதில், வாட்சன் என்ற மருத்துவருக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்து ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான். அவர் பல் துலக்காதவர் அல்லர். துலக்கும் தூரிகை, பற்பொடி, சுரண்டும் கருவி எல்லாம் வரவழைத்து ஒழுங்காகப் பயன்படுத்தினார். இளமையில் வாதுமைக் கொட்டைகளைப் பல்லால் கடித்து உடைத்ததே காரணம் என்று அவரே கருதியதாக, அவருக்குப் பின் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் கூறியுள்ளார். அக்காலத்தில் காய்ச்சலுக்கெல்லாம் பாதரசம் கலந்த மருந்து கொடுப்பார்கள். அது ஈறுகளைக் கெடுக்கும். அதுவும் ஒரு காரணமாகலாம் என்பர்.

1775ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் அமெரிக்கப் படைகளின் தலைவரானார். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் அவர் பிறப்பித்த ஓர் ஆணை நம் பள்ளி மாணவியருக்குப் பிடிக்கும். அந்நாளில் பாப்பரசரைப் போல் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் வீரர்களிடையே இருந்தது. கத்தோலிக்கரைப் புண்படுத்தும் அந்தச் செயலை அவர் கண்டித்துத் தடை செய்துவிட்டார். போரின் வரலாறு நம் பாடநூலில் உள்ளது. நான் அதை விட்டுவிட்டு ஒரு பல் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1781ஆம் ஆண்டு மே மாதம், பாசறையில் இருந்த வாஷிங்டன் பிலடெல்பியாவில் இருந்த பல் மருத்துவர் பேக்கருக்குக் கடிதம் எழுதினார். பல்லைச் சுத்தம் செய்யும் சுரண்டிகளும், பல்லைக் கட்டும் கம்பியை முறுக்க ஒரு குறடும் வேண்டும். தாம் விரைவில் பிலடெல்பியாவுக்கு வரும் வாய்ப்பில்லாததால் அவற்றை அனுப்பிவைக்க வேண்டும் என்பது செய்தி. வழியில் ஆங்கிலேயர் அக்கடிதத்தைக் கைப்பற்றினர். வாஷிங்டன் நியூயார்க் பக்கத்தை விட்டு நகரமாட்டார் என்று நினைத்திருந்த ஆங்கிலத் தளபதி கிளிண்டனின் கையில் அது சேர்ந்தது. செப்டம்பரிலோ வாஷிங்டனின் படை அதே பிலடெல்பியா வழியாகத் தெற்கே சென்றது! அக்டோபர் 19ஆம் நாள் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது. கடிதம் எழுதும்போது அவருக்கு எந்தத் தந்திரமும் மனத்தில் இல்லை. பல் வலிதான் இருந்தது. அக்கடிதம் இன்றும் கிளிண்டனின் தாள்களோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

போர் முடியும் காலத்தில் ழான் பியர் ல மாயேர் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் அவருக்கு அறிமுகமானார். ஒருவருடைய நல்ல பல்லைப் பிடுங்கி, சூடு ஆறுமுன் மற்றொருவருடைய ஈறில் பதிப்பதில் அவர் பெயர் பெற்றவர். நல்ல முன்பல் ஒன்றுக்கு இரண்டு கினி, அதாவது 42 ஷில்லிங், தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். பணத்திற்காகப் பல்லை விற்றவர்கள் ஏழைகளே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் பதித்த பல் சில காலம் நின்றாலும் பிறகு ஆடி விழுந்துவிடும். அயலாரின் உறுப்பை நம் உடல் ஏற்றுக்கொள்வதில்லை. கொடுத்தவரின் நோயும் கூடவே வந்துவிடும் அபாயம் உண்டு.

தாடை எலும்போடு ஒட்டி நிற்கும் பொருளை மனிதர் கண்டது மிகப் பிந்திய காலத்தில். அது டைட்டேனியம் என்ற உலோகம். வாஷிங்டன் பதவியில் இருந்த 1791இல்தான் வில்லியம் கிரெகர் என்ற இங்கிலாந்துப் போதகர், கார்ன்வால் பகுதிக் கருமணலில் அது இருப்பதைக் கண்டார். 1952இல் ஸ்வீடன் நாட்டின் பிரோனேமார்க் என்ற மருத்துவ அறிஞர், முயலின் கால் எலும்பில் ஆராய்ச்சிக்காக வைத்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டுவிட்டது. 1965இல் முதல்முறையாக ஒரு மனிதருடைய தாடையில் டைட்டேனியத் திருகுகளைப் பதித்து அவற்றின்மேல் பல் கட்டினார். காற்றுப் பட்டவுடன் அந்த உலோகத்தின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி, உடல் நீரால் அரிக்கப்படாமல் காக்கிறது. முதலில் திருகுகளைக் கடைந்தபடியே வழவழப்பாக வைத்தார்கள். பின்னர் கடினமான துகள்களை வேகமாக வீசி அடித்தும், அமிலத்தில் தோய்த்தும் சொரசொரப்பாக்கினார்கள். எலும்பு இன்னும் நன்றாகப் பற்றியது. பழைய சுவரில் சிமெண்டு பூசுமுன் கொத்தனார் அதைக் கொத்திவிடுகிறாரே, அதே முறைதான்.

வாஷிங்டனுக்கு இவையெல்லாம் கிடைக்கவில்லை. 1789ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் நியூயார்க்கில் முதல் குடியரசுத் தலைவராக உறுதிமொழி எடுத்தபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று இருந்தது. அவருக்குப் பல்செட்டு செய்து கொடுத்தவர் ஜான் கிரீன்வுட். இவர் 1775இல் படையில் புல்லாங்குழல் ஊதும் சிறுவனாகச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது பதினைந்து, என் வயது! தாயாரின் நூற்கும் இராட்டையை மாற்றியமைத்து, காலால் மிதித்து இயக்கும் பல் துளைப்பான் செய்தவர் என்றும் கூறுவர். அவர் நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கி, அதில் மனிதப் பற்களைத் திருகி, மிஞ்சிய ஒற்றைப் பல் நுழைய ஒரு துளையும் வைத்தார். பற்செட்டைப் பிடித்து நிறுத்த அந்த ஒரு பல்தான் துணை. 1796இல் அதுவும் போயிற்று. கிரீன்வுட் அதைத் தூக்கி எறியாமல், ஒரு சிறு பேழையில் வைத்துத் தம் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டார்.

மேல் செட்டையும் கீழ் செட்டையும் பின்புறத்தில் சுருள்வில்கள் இணைத்தன. அவை எப்போதும் வாயைத் திறக்கவே தள்ளிக்கொண்டிருக்கும். உதடுகளை இறுக்கி மூடியிருப்பதே ஒரு வேலை. ஒரு டாலர் நோட்டில் உள்ள படத்தைப் பாருங்கள். கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் தீட்டிய ஓவியத்திலிருந்து எடுத்த முகம் அது. அந்த இறுகிய வாய்க்கு வீரம் மட்டும் காரணமன்று. 1793இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் நிகழ்த்திய உரை 135 சொற்களே.

தந்தம் உறுதியானதுதான். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. நம் பல்லுக்கு மேலுள்ள எனாமல் பூச்சு அதற்கு இல்லை. ஆகவே நிறத்தையும் நாற்றத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். 1798இல் வாஷிங்டன் அனுப்பிய செட்டு கறுத்துப் போயிருந்தது. திராட்சை மதுவே காரணம் என்று கிரீன்வுட் கண்டுபிடித்து, மது அருந்தும்போது அதைக் கழற்றிவிடும்படியோ, பிறகு தூரிகையால் நன்கு துலக்கும்படியோ எழுதினார். கறை படிந்து, மெல்லிய வெடிப்புகள் ஓடிய தந்தம் பார்வைக்கு மரத்தின் வரிகளைப் போல இருக்கும். மரப்பல் கதை அங்கிருந்து பிறந்திருக்க வேண்டும் என்பர்.

மனிதப் பற்கள் என்று சொன்னேன். அவை யாருடையவை? வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் நூற்றுக்கணக்கான நீக்ரோ அடிமைகள் உழைத்தனர். 1784ஆம் ஆண்டு மே மாதக் கணக்கில், அந்த பிரெஞ்சு மருத்துவர் பேரில், நீக்ரோக்களிடம் ஒன்பது பற்கள் வாங்கியதற்கு 122 ஷில்லிங் என்று ஒரு பற்று எழுதப்பட்டுள்ளது. பல் ஒன்றுக்குப் பதின்மூன்றரை ஷில்லிங். விளம்பரத்தில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஓர் அடிமையால் முடியுமா? மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஒரு பல் வலியையே ஆயுள் முழுவதும் எழுதி எழுதிப் புலம்பிய அந்த நல்லவர், இந்த ஒன்பது வலிகளை எண்ணிப் பார்த்தாரா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அப்பற்கள் யார் வாயில் பொருத்தப்பட்டன என்று கணக்கேடு கூறவில்லை. விற்றவர்களின் பெயர்களும் அதில் இல்லை. மவுண்ட் வெர்னன் காட்சிக்கூடத்தில் உள்ள முழுச் செட்டில் ஈய அடித்தளத்தின்மேல் மாட்டுப் பற்களோடு மனிதப் பற்களும் இருக்கின்றன.

வாஷிங்டன் 1799ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், தொண்டை நோயால் 67ஆம் வயதில் இறந்தார். மருத்துவர்கள் அன்று அவர் உடலிலிருந்து பலமுறை இரத்தம் எடுத்ததும் அவரைப் பலவீனப்படுத்தியது. தமக்குச் சொந்தமான 123 அடிமைகளுக்கும் தம் மனைவியின் காலத்திற்குப் பின் விடுதலை தர வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். மார்த்தா அம்மையார் அதுவரை காத்திராமல் 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளே அவர்களை விடுவித்தார். அம்மையாரின் முதல் கணவர் குடும்பத்துக்கு உரியவர்களுக்கு அந்த விடுதலை கிட்டவில்லை. இறந்த ஆண்டின் கோடையில் வாஷிங்டன் தம் பண்ணையில் இருந்த அடிமைகள் அனைவரையும் பெயர், தொழில், உறவு முறையோடு தம் கையாலேயே பட்டியல் எழுதி வைத்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். பல் விற்றவர் யார் யார் என்ற குறிப்பு அதிலும் இல்லை.